என் கத்தலில் காயும் துணி

துணி எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுத் துணி மட்டும் இல்லை, எஸ்டேட்டின் மேல் லைன், கீழ் லைன் என்ற இரண்டு வீட்டு வரிசைகளிலும் உள்ள எல்லா வீட்டுத் துணியையும் ஒவ்வொன்றாக இழுத்து, உதறி, மடித்து, தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மேடையில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் வீட்டுவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். சூப்பர்வைசர் பேண்ட் எது, யூனியன் லீடர் ஆரோக்கியத்தின் வேட்டி எது, ஜீப் டிரைவர் வீட்டுத் தலையணை உறை எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், ஏனென்றால் எந்த வீட்டு ஈரம் எந்தக் கிழமையில் எந்த இடத்தில் தொங்கும் என்பது பத்து வருஷமாக என் தொண்டைக்குத் தெரியும். கீழே ஆட்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். குடை பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இவர்கள் காயப்போடுகிற இந்தக் கொடி கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. இது என் கத்தல். பதினாலு வயதில் ஒரு ராக் கச்சேரியில் நான் கத்தியது, கீழே விழாமல் அங்கேயே நின்றுவிட்டது.

எங்கள் தூவானக்காடு எஸ்டேட் தொடங்கி நூறு வருஷம் ஆனதற்குக் கம்பெனி விழா எடுத்தது. எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பாவும் கேசரியும் கொடுத்தார்கள், மேனேஜர் தொரைக்கும் அவருடைய விருந்தாளிகளுக்கும் பெங்களூரிலிருந்து ஒரு ராக் பேண்டைக் கூட்டிவந்தார்கள். ஃபேக்டரிக்குப் பக்கத்து மைதானத்தில் மேடை, மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு கயிறு, கயிற்றுக்குப் பின்னால் தார்ப்பாயில் நாங்கள். முழங்காலை மூடி உட்கார் என்று என் அம்மா தொடையில் கிள்ளினாள். வாயைப் பொத்திக்கொண்டு பார், தொரை திரும்பிப் பார்க்கிறார் என்று மறுபடியும் கிள்ளினாள்.

அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த பெரிய சத்தமெல்லாம் ஃபேக்டரிச் சங்கும் ஆடி மாத மழையும்தான். மேடையில் நாலு பேர் வந்து நின்றார்கள். மூன்று பேர் ஆண்கள். ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் ஒரு பெண், முடியை ஒட்ட வெட்டிக் கையில்லாத பனியன் போட்டவள், எங்கள் ஸ்கூல் டீச்சரைவிடச் சின்னவள். அவள் முதல் அடி அடித்தபோது அது காதுக்கு வரவில்லை, தார்ப்பாய்க்கு அடியில் மண்ணுக்குள் ஓடிவந்து என் தொடை வழியாக ஏறி வயிற்றில் உட்கார்ந்தது. பாட்டு இங்கிலீஷ். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த நாலு பேரும் கோபமாக இருக்கிறார்கள் என்பது புரிந்தது. கிடாரை வைத்திருந்தவன் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கீறினான், பாடினவன் கழுத்து நரம்பு புடைக்க அலறினான், அந்தப் பெண் உதட்டைச் சுழித்துக்கொண்டு, வேர்வை கண்ணுக்குள் போனாலும் துடைக்காமல், தனக்கு யாரோ செய்ததற்கெல்லாம் சேர்த்து வைத்து அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொழுந்து எடையைக் குறைத்துப் போடாதே என்று என் அம்மா ஒரு வார்த்தை குரல் உயர்த்திக் கேட்டதற்கு ஒரு வாரம் வேலை தராமல் வீட்டில் உட்கார வைத்த எஸ்டேட் இது. அந்த எஸ்டேட்டே நாலு பேர் கோபப்படுவதற்கு மேடை போட்டு, லைட்டுப் போட்டு, லாரியில் ஸ்பீக்கர் ஏற்றிவந்திருக்கிறது, தொரையே முன்வரிசையில் உட்கார்ந்து காலாட்டிக் கேட்கிறார். அப்படியென்றால் கோபப்படலாம். அப்படியென்றால் சத்தம் போடலாம். பிறந்ததிலிருந்து நான் விழுங்கினதெல்லாம், கிள்ளினதற்கு விழுங்கினது, அப்பா குடித்துவிட்டு வந்ததற்கு விழுங்கினது, ஸ்கூல் கக்கூஸுக்குக் கதவு இல்லாததற்கு விழுங்கினது, எல்லாம் அந்த ட்ரம்ஸின் அடிக்கு ஒவ்வொரு படியாக மேலே ஏறிவந்தது. நான் எழுந்து நின்றதுகூட எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன். அது வந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, கல்யாணத்திலும் இல்லை, பிள்ளை பெற்றபோதும் இல்லை.

தேயிலைக் காட்டுக்குள் எங்கள் பெண்களுக்கு ஒரு கத்தல் உண்டு. புதருக்குள் யானை நிற்பதை முதலில் பார்க்கிறவள் அடிவயிற்றிலிருந்து ஒரே மூச்சில் 'ஓஓஓய்' என்று இழுப்பாள், கேட்டவர்கள் எங்கே என்ன என்று கேட்காமல் கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடவேண்டும். எனக்கும் வேறு எந்தக் கத்தல் தெரியும்? தெரிந்ததைத்தான் கத்தினேன். கயிற்றுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். தார்ப்பாய் காலில் சிக்கி, கயிறு அறுந்து, நாற்காலிகள் மேல் நாற்காலிகள் விழுந்து, தொரையின் மனைவி சரிகைச் சேலையோடு சேற்றில் உட்கார்ந்தார், விருந்தாளிகள் எங்கள் ஆட்களுக்கு முன்னால் ரோட்டை அடைந்தார்கள். யானை இல்லை என்று தெரிய வெகுநேரம் ஆயிற்று. பாட்டு நின்றுவிட்டது. அந்த ட்ரம்ஸ் பெண் மட்டும் மேடையிலேயே நின்று என்னைப் பார்த்தாள். சிரித்தாள். குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அதற்குள் அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்துவிட்டது.

"பொட்டக் கழுதைக்கு என்ன கத்து வேண்டிக் கெடக்கு?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். அதோடு ஸ்கூல் நின்றது. எட்டாம் வகுப்பில் அரைப்பரீட்சை எழுதினேன், முழுப்பரீட்சை எழுதவில்லை.

மறுநாள் காலையில் மைதானத்து ஓரம் இருக்கிற சில்வர் ஓக் மரத்திலிருந்து லைன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் என் கத்தல் நீட்டமாக நின்றது. விரல் தடிமன், பார்வைக்கு ஆறின தேநீர் நிறம், மழை பட்ட இடத்திலெல்லாம் ஆவி பறந்தது. பார்த்தவர்கள் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். வேறென்ன செய்வார்கள்? மூன்றாவது வீட்டுச் செல்லக்கனி அக்காதான் முதலில் ஒரு ஈரக் கம்பளியைத் தூக்கி அதன்மேல் போட்டது. மத்தியானம் கம்பளி மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.

மலையில் மழைக்காலம் எப்படி என்று தெரியாதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று இருக்கும். ஆனியில் பிடிக்கிற மழை ஐப்பசி வரை விடாது. துவைத்த துணி காயாது, காய்ந்த துணி மறுபடி ஈரமாகும், பாவாடை மடிப்பில் பூஞ்சணம் பூக்கும், அடுப்புக்கு மேல் கட்டினால் புகை நாற்றம், ஈரத்தோடு உடுத்தினால் அரிப்பு. அப்படிப்பட்ட ஊரில் கொட்டுகிற மழையிலும் துணி காய்கிற ஒரு கொடி கிடைத்தால் விடுவார்களா? சூட்டுக்கொடி என்று பேர் வைத்தார்கள். எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை என்று லீடர் ஆரோக்கியம் முறை வைத்தார். நடுவில் சூடு அதிகம் என்பதால் அது சூப்பர்வைசருக்கு என்று யாரும் சொல்லாமலே ஆனது. மின்சார ஆபீஸ் ஆள் டெஸ்டர் வைத்துப் பார்த்தான், விளக்கு எரிந்தது, ஆனால் இதற்கு மீட்டர் வைக்க வழியில்லை என்று இறங்கிப் போனான். மரம் காட்டு எல்லையில் இருக்கிறது, அதனால் கொடியில் பாதி வனத்துறைக்குச் சொந்தம் என்றான் ஃபாரஸ்ட் கார்டு, அவன் யூனிஃபாரத்துக்கும் ஒரு இடம் ஒதுக்கினார்கள், பிறகு அவன் அதைப் பேசவில்லை. பூசாரி மஞ்சள் துணி கட்டினார். வெள்ளிக்கிழமை சூடம் காட்டினார்கள். சர்ச்சிலிருந்து பீடத் துணி வந்தது. கம்பெனி தன் காலண்டரில் படம் போட்டு, நூற்றாண்டு விழா நினைவாகத் தொழிலாளர்களுக்கு வழங்கப்பட்ட உலர்த்தும் வசதி என்று அச்சடித்தது. அந்தக் காலண்டரை எங்கள் வீட்டிலும் மாட்டினார்கள், என் படுக்கைக்கு நேரெதிரே.

யாருக்கும் தெரியாமல் இல்லை, எல்லாருக்கும் தெரியும். கத்தினதற்கு என்னை அடித்தவர்களும், கத்தினவள் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று சொன்னவர்களும், அப்பாவின் முகத்துக்கு நேரே காறித் துப்பினவர்களும், மறுநாளே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அதே கத்தலில் உள்பாவாடையைக் காயப்போட்டார்கள். என் கத்தல் அவமானம், அதன் சூடு மட்டும் வசதி.

அதற்குப் பிறகு எனக்குக் குரல் எழும்பவில்லை. பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கிற அளவுக்குப் பேச்சு வரும், அதற்கு மேல் எழுப்பினால் வெறும் காற்றுதான். இருந்ததெல்லாம் மேலே தொங்குகிறதே, எங்கிருந்து வரும்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு லைனும் சேர்ந்து துவைத்துப் போடும்போது எனக்குச் சோறு இறங்காது. யாராவது சரியாகப் பிழியாமல் கம்பளியைத் தூக்கிப் போட்டால் நான் அடுப்படியில் உட்கார்ந்து இருமுவேன். சளி பிடித்த உடம்பு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். அதைக் கொடுத்த கை அப்போதுதான் அந்தக் கம்பளியைப் போட்டுவிட்டு வந்திருக்கும்.

ஆனால் கல்யாணச் சந்தையில் அதுவே பெருமையானது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா என்று சொல்லித்தான் இதே எஸ்டேட்டில் என்னைக் கட்டிவைத்தார்கள். என் மாமியார் முருகேஸ்வரி போகிற இடமெல்லாம் சொல்வார், "எங்க வடிவு வீட்ல இருக்காளா இல்லையான்னே தெரியாது. அப்பேர்ப்பட்ட புள்ள." என் வீட்டுக்காரர் வீரபுத்திரன் கெட்டவர் இல்லை. கொழுந்து லாரி ஓட்டுகிறவர், எந்நேரமும் இஞ்சின் சத்தத்தில் இருப்பதால் வீட்டில் அமைதி பிடிக்கும். நான் கூச்சக்காரி என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். கூச்சம் எனக்கு உண்டுதான். நாலு பேர் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வேன். ஆனால் கூச்சம் வேறு, குரல் இல்லாமல் இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எனக்கு நல்ல பேர் கொடுத்துவிட்டார்கள்.

இதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் வரைக்கும்.

போன வாரம் விடிந்து கொஞ்ச நேரம், பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. என் மகள் பவிஷ்கா, மூன்று வயது, அடுப்படிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ஒரு தட்டில் மண் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நான் வாசல்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவளுக்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி, முதல் தேயிலைப் புதருக்கு அடியில் சிறுத்தை படுத்திருந்தது. பூனை எலியைப் பார்ப்பதுபோலப் படுத்திருந்தது. வால் நுனி மட்டும் ஆடியது. சிறுத்தையைக் கண்டால் சத்தம் போடுங்கள் என்று வனத்துறை ஒவ்வொரு லைனிலும் போர்டு வைத்திருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மறுபடி திறந்தேன். காற்று. அங்கே மேலே என் கத்தல் மட்டும் இழுத்துவிட்ட கம்பிபோல அதிர்ந்தது, அதில் தொங்கின துணியெல்லாம் துள்ளின, எனக்குள் எதுவும் அசையவில்லை. பவி தட்டைத் தட்டிக்கொண்டு, "பூன, பூன" என்றாள். நான் ஓடினேன், ஈரப்படியில் வழுக்கி விழுந்தேன், முழங்காலால் ஊர்ந்து போய்ப் பிள்ளையை அள்ளினேன். சிறுத்தை என்னைப் பார்த்தது, பிள்ளையைப் பார்த்தது, எழுந்து போய்விட்டது. அதற்குப் பசி இல்லாமல் இருந்திருக்கும். என் பிள்ளை பிழைத்தது என்னால் இல்லை, அதன் வயிறு நிறைந்திருந்ததால்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து வாசலில் நின்று என்ன கேட்டார் தெரியுமா?

"காலையில கொடிய ஆட்டுனது யாரு? என் பேண்ட் சேத்துல கெடக்கு."

அப்போதுதான் எனக்குள் இருந்தது கோபம் என்று எனக்கே தெரிந்தது. பத்து வருஷமாக அதை இருமல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன், என் கத்தலை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று. அவர் கேட்டது, "மழை முடியட்டுமே?" மாமியார் சொன்னார், "கத்தித்தான் குடும்பம் நடத்தணுமா? நாங்கல்லாம் கத்தியா பிள்ள வளத்தோம்?" விஷயம் லைன் முழுக்கப் பரவி, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். என்னை நடுவில் நிறுத்தினார்கள். என் பேச்சு யாருக்கும் கேட்காது, அதனால் நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் அதைப் பெரிதாகச் சொன்னார், பாதியை விட்டுவிட்டு.

லீடர் ஆரோக்கியம் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, உன் கஷ்டம் எங்களுக்குப் புரியுது. அதுக்காக ரெண்டு லைன் ஜனத்த ஈரத்துல நிறுத்திட முடியுமா? பொதுச்சொத்தா ஆகிப்போச்சும்மா. வேணும்னா இனிமே நடு இடம் உனக்கு."

நடு இடம். என் கத்தலில் எனக்கு ஒரு இடம்.

"இல்லேன்னா ஒண்ணு செய்," என்றார் ஜீப் டிரைவரின் தம்பி. "அதை எடுத்துக்க. அடுத்த ஞாயித்துக்கெழம மைதானத்துல நின்னு புதுசா ரெண்டு கத்திக் குடுத்துடு. கீழ் லைனுக்கு ஒண்ணு, மேல் லைனுக்கு ஒண்ணு. உனக்கென்ன நட்டம்?"

எல்லாரும் அது நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் கத்தினால் என்ன நடக்கும் என்று அன்றைக்கு எனக்குக் காட்டின அதே ஆட்கள், எத்தனை அடி நீளம் வேண்டும் என்று கைவிரித்துக் காட்டிப் பேசினார்கள்.

"சிறுத்தை மறுபடி வந்தா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் இதைப் பெரிதாகத் திருப்பிச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதனால் அந்தக் கேள்வி கூட்டத்துக்கு வந்து சேரவில்லை.

இன்று காலையில் யாரிடமும் கேட்கவில்லை. தொட்டி ஏணியில் ஏறினேன். எடுக்க ஆரம்பித்தேன்.

முதலில் சூப்பர்வைசர் பேண்ட். பிறகு காக்கி யூனிஃபாரம். பீடத் துணியைப் பிரித்து மடித்தேன், பூசாரியின் மஞ்சள் துணியை முடிச்சவிழ்த்து எடுத்தேன், சாமி கோபித்துக்கொண்டால் என்னிடம் வந்து பேசட்டும். ஒவ்வொரு துணி இறங்க இறங்கத் தொண்டையிலிருந்து ஒவ்வொரு கல் இறங்கியது. கடைசியில் ஒரு வரிசை மட்டும் மிச்சம். செல்லக்கனி அக்காவின் மகள் பெற்ற பச்சைப்பிள்ளைக்கான துணிகள், பழைய வேட்டியைக் கிழித்த சின்னச் சின்னச் சதுரங்கள், இன்னும் ஈரம். அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. இந்த மழையில் பிறந்த பிள்ளைக்கு ஈரத்துணி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நேரம் இங்கே நின்று மடித்ததையே மடித்துக்கொண்டிருந்தேன், அது காயட்டும் என்று.

செல்லக்கனி அக்கா ஏணியில் ஏறி வந்தது. குடை இல்லை, தலையில் சாக்கு. மூச்சு வாங்கியது.

"ஏட்டி வடிவு. இதையும் எடுக்கப்போறியா?"

"காயட்டும்க்கா. காஞ்சதும் எடுக்கறேன்."

"நாளைக்கு நனைச்சதுக்கு?"

ஒரு சதுரத்தின் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"நாளைக்கு எம்பேரன் ஈரத்துல கெடந்து சளி புடிச்சு, அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பாவம் யாரச் சேரும்? சொல்லு. நல்லாச் சொல்லு."

பத்து வருஷத்துக்கு முன்னால் முதல் கம்பளியைப் போட்ட கை அது. அந்தக் கையைப் பார்த்தேன். கொழுந்துக் கறை, நகம் கறுத்துப் போயிருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"எம்மகளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா அது யாரச் சேர்ந்திருக்கும்க்கா?"

"நான் சிறுத்தைய ஏவிவிட்டேனா?"

"நான் மழைய ஏவிவிட்டேனா?"

அக்கா என்னை வெறித்துப் பார்த்தது. என் குரல் அதற்குக் கேட்டுவிட்டது. கீழே நின்றவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும், குடைகள் அசைந்தன. கொடி லேசானதில் எனக்குள் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது போல.

"கம்பெனி நம்ம கூரைய ஒழுங்கா மாத்திக் குடுத்திருந்தா, துணி காய ஒரு ஷெட்டு போட்டுக் குடுத்திருந்தா உனக்கு இது தேவப்பட்டிருக்குமாக்கா? ஒரு தடவ போய்க் கேட்டீங்களா? இது இருக்கறதால கேக்கல. என் தொண்டையில தொங்கறது ஈசின்னு கேக்கல."

"நீ நல்லாப் பேசுத," என்றது அக்கா, கசப்பாக. "உங்கப்பன் அன்னைக்கு இன்னொரு அடி சேத்து அடிச்சிருக்கணும்." சொல்லிவிட்டு அதுவே அந்தச் சின்னத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டது. நான் உதவிக்குக் கை நீட்டினேன். தட்டிவிட்டது. ஏணியில் முழுக்க இறங்காமல் இரண்டு படி கீழே நின்றுகொண்டது, நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க.

தொட்டிக் கம்பியில் சுற்றியிருந்த நுனியை அவிழ்த்தேன். சூடு. உள்ளங்கை பழுத்துவிடும் போலிருந்தது. வாயில் வைத்தேன். சவுக்கார ருசி, சொட்டு நீலத்தின் ருசி, பத்து வருஷம் இவர்கள் எல்லாருடைய வேர்வையின் உப்பு, அதற்கெல்லாம் அடியில், விழுங்க விழுங்க, மைதானத்துப் புல்லின் வாசனை, அந்தப் பெண்ணின் முதல் அடி, மண்ணுக்குள் ஓடி என் தொடைவழியாக ஏறின அந்த அதிர்வு. சில்வர் ஓக்கின் கிளை விடுபட்டு நிமிர்ந்தது. அவ்வளவு நீளமும் உள்ளே போய்ச் சுருண்டு உட்கார்ந்துவிட்டது. கீழே யாரோ ஐயோ என்றார்கள். மைதானத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் வெறும் மழை பெய்தது, முதல்தடவையாக, தடையில்லாமல். எனக்கு நெஞ்செல்லாம் எரிகிறது, உதடு வீங்கிவிட்டது, இருந்தாலும் நான் இவர்களிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், முதலில் தொரையின் பங்களாவுக்குப் போய் அந்தக் காலண்டரை அவர் மேஜையில் போட்டு, பிறகு லீடர் ஆரோக்கியத்திடம், பிறகு வேலை ஓய்ந்து ஊருக்குப் போய்விட்ட என் அப்பாவுக்குப் போன் போட்டு, பிறகு

"ஏட்டி வடிவு!" என் மாமியார் வாசலிலிருந்து கூப்பிடுகிறார். "எம்புட்டு நேரமாக் கூப்புடுதேன், பவி அழுதா, சோறு ஊட்ட வா. கூப்பிட்டா ஒரு குரல் குடுத்தா என்னவாம்?"

கொடுக்கிறேன் அத்தை. செல்லக்கனி அக்கா, ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். இதோ வ